பாலத்துக்கு வளைகாப்பு

ரோட்டுப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் தெருவுக்கு வரும். கடைக்கு வருகிறவர்கள் அவளை டிசைன் அக்கா என்பார்கள். அறுபது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

கடைக்கு எதிரே குழாய் போடத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்று இருந்தது. அதில் விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று திட்டிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் காலை வெயிலில் அதை அழகாகப் போட்டோ எடுத்து, மேலே ஒரு கிரீடம் வைத்து, பக்கத்தில் ஒரு சிங்கத்தை நிறுத்தி, 'முதலாம் ஆண்டு பிறந்தநாள் காணும் எங்கள் தெருப் பள்ளம் பல்லாண்டு வாழ்க! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம். இவண்: விழுந்தோர் சங்கம்' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டாள். ஊரே அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டது. அந்த வாரமே ஜல்லி இறக்கிப் பள்ளத்தை மூடினார்கள். மறுநாள் அதே பள்ளத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். கல்வராயன் மலையில் கிராம நர்ஸாக இருந்தேன். எனக்கு வாய் நீளம். ஊசி போட வராத அம்மாக்களைத் திட்டுவேன், மாத்திரையைத் தூக்கிப் போடுகிற கர்ப்பிணிகளைத் திட்டுவேன், ஜீப் டிரைவர்களைத் திட்டுவேன். திட்டி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிடும், வேலை மட்டும் அப்படியே இருக்கும். தடுப்பூசி முகாமுக்கு பேனர் அடிக்கப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன்.

"குழந்தைகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுவீர்னு போட்டுக் குடும்மா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்த யார்க்கா படிப்பாங்கோ? பேனரு இருக்கட்டும். ஊசி போட்டுக்கினு போற புள்ளைங்கள ஒரு போட்டோ எடுத்து எனுக்கு அனுப்புங்க. அவங்க அம்மாவக் கேட்டுட்டு எடுங்க."

கேட்டு, எடுத்து அனுப்பினேன். அழுது சிவந்த முகங்கள். அவள் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டி, குதிரையில் ஏற்றி, 'ஊசிக்கு அஞ்சா சிங்கமே' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று அம்மாக்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் நான் கூப்பிடாமலே கூட்டம் வந்தது. ஊசி வேண்டாம், குதிரை மட்டும் போதும் என்று ஒரு தாத்தா வந்து நின்றதுதான் தொல்லை.

அவளிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. யாரையும் திட்ட மாட்டாள். கஷ்டப்படுகிறவர் முகத்தைக் காட்ட மாட்டாள். அடியில் தன் பெயரையோ கடையின் பெயரையோ போட மாட்டாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"திட்டினா கோவம் வரும்க்கா. கோவம் வந்துட்டா எவன் வேல செய்வான்? வாழ்த்திப் பாருங்க, வெக்கம் வரும்."

"வெட்கமே இல்லாதவனுக்கு?"

"அவனுக்கு இன்னும் பெரிசா வாழ்த்து போடணும்."

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளின்போது மட்டும் அவள் கை ஓய்ந்து போனதைப் பார்த்தேன். கடைக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தபடி இருந்தார்கள். போனில் இருக்கிற எந்தப் படத்தையாவது நீட்டுவார்கள். அவள் பொறுமையாகத் தள்ளித் தள்ளித் தேடி, அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிற படத்தையோ பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிற படத்தையோ எடுத்துப் போடுவாள். பல வாரம் தன் பாட்டுக்கு எதையும் வெளியிடவில்லை. அப்புறம் ஒரு நாள், பக்கத்துத் தெருவில் மூட்டை தூக்குகிற ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, குடியை விட்டு ஒரு மாசம் ஆகிறது, அதற்கு ஏதாவது போடலாமா என்று கேட்டார். அவள் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றாள். அரசியல் தலைவர்களுக்குப் போடுகிற மாதிரி ஆளுயரத்தில், வேட்டி சட்டையோடு, பின்னால் சூரியன் உதிக்க, 'ஒரு மாதம் வென்ற எங்கள் அண்ணன்' என்று போட்டுக் கொடுத்தாள். அவர் முகத்தைக் காட்டலாமா என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டாள். "நா செத்திருந்தா காட்டியிருப்பீங்க இல்ல, உயிரோட இருக்கறப்ப காட்டறதுக்கு இன்னா" என்றார் அவர். அதன் பிறகு இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். சிலர் நடுவில் காணாமல் போனார்கள். திரும்பி வந்தால் மறுபடி முதல் மாதத்திலிருந்து போட்டாள், ஒரு வார்த்தை கேட்காமல்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

வெள்ளிமலைக்கு அப்பால், என் பொறுப்பில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு நடுவே ஓடை குறுக்கிடும். பாலம் கட்ட ஆரம்பித்து, தூண்களை இடுப்புயரத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கப் போய்விட்டார்கள். போனவர்கள் பல வருஷமாகத் திரும்பவில்லை. மழைக்காலத்தில் ஓடை இறங்கும்வரை அந்தக் கரைக்காரர்கள் அந்தக் கரையிலேயே இருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு மழையில் சின்னப்பொண்ணு என்கிற பெண்ணுக்கு வலி கண்டது. மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் ஓடைக் கரையில் நின்றார்கள். இந்தக் கரையில் ஆம்புலன்ஸோடு நான் நின்றேன். தண்ணீர் இறங்க நேரமாயிற்று. குழந்தை தங்கவில்லை.

மறு வருஷம் சின்னப்பொண்ணு மறுபடி உண்டானாள். தேதியைக் கணக்குப் பார்த்தேன். மறுபடியும் மழையில்தான் விழுந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த வாட்டியும் கரையிலயே நிக்கணுமா நர்சம்மா?" எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.

தூளியில் தூக்கி வந்த அன்று ஒருவர் எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. அதைக் கடைக்குக் கொண்டுபோய் டிசைன் அக்காவிடம் காட்டினேன். "இதைப் போடு. ஊர் பார்த்து அழட்டும்."

அவள் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "அழுவாங்கக்கா. அழுதுட்டு அடுத்ததத் தள்ளிவுட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்கோ. இந்தப் பொண்ணு மூஞ்சிதான் காலத்துக்கும் அதுல நிக்கும்."

"அப்போ பாலத்துக்கும் பிறந்தநாள் போடப் போறியா? அது பொறக்கவே இல்லியேம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கண் விரிந்தது. "ஆமாம்க்கா. பொறக்கல. இத்தினி வருஷமா வவுத்துலயே வெச்சிக்கினு நிக்குது. அதுக்கு வளைகாப்பு வெச்சிரலாம்."

அப்படித்தான் அந்த அழைப்பிதழ் பிறந்தது. மேலே பிள்ளையார், நடுவில் கை நிறைய வளையல் போட்ட இரண்டு கைகள், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'வளைகாப்பு விழா, வருகிற ஞாயிறு'. அதற்கும் கீழே பொடி எழுத்தில், பல்லாண்டாக முழுகாமல் இருக்கும் எங்கள் ஓடைப் பாலத்துக்கு வளைகாப்பு நடத்துவதாகவும், அன்பளிப்பாகக் கண்ணாடி வளையல் மட்டும் ஏற்கப்படும் என்றும், தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு அவரவரே போட்டுவிடலாம் என்றும் இருந்தது. சின்னப்பொண்ணின் கையைப் போட்டோ எடுக்க அவள் விடவில்லை. கடை வாசலில் வளையல் வாங்கி, தன் கையிலேயே போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் சின்ன வயதில் குத்திய கோலப் பச்சை அப்படியே தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். நான் நர்ஸ் ஆயிற்றே, ஒரு தடவை வாயைத் திறந்தேன். "அத்த வுடுங்கக்கா" என்று சொல்லி, ஒரு காதுகுத்து பேனரில் குழந்தையின் கன்னத்துக்கு வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஜீப்பில் மேலே போவதாக ஏற்பாடு. அதற்காக முந்தின நாளே கீழே வந்து தங்கியிருந்தேன். ஜீப்புக்காகக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. முதலில் ஒரு பித்தளைத் தவலை இறங்கியது. பிறகு இன்னொன்று. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று மணம் தெருவை நிறைத்தது. தட்டுத் தட்டாக வளையல், பூ, பழம், பச்சைப் பட்டு ஒன்று. கடைசியில் ஒரு பெரியம்மா இறங்கி நேராக அவள் வயிற்றைப் பார்த்தார்.

அது அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, திருநாவலூர்க்காரர். அம்மா இல்லாத அவளை வளர்த்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர். இவள் ஸ்டேட்டஸில் வளைகாப்பு, ஞாயிறு என்கிற எழுத்தைப் பார்த்திருக்கிறார். கையையும் பச்சையையும் பார்த்திருக்கிறார். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், அதைத் தேடுகிற பொறுமை அன்றைக்கு யாருக்கு இருக்கும்? போன் செய்து கேட்டால் கண் பட்டுவிடும் என்று ஒருவரையும் கேட்க விடவில்லையாம். சொந்தக்காரர்களை மட்டும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏழு மாசமா மறைச்சிட்டியே, கல்நெஞ்சுக்காரி" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு மறுபடி வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தை, அது பாலத்துக்கு" என்றாள் அவள்.

"எந்தப் பாலத்துக்கு?"

"மல மேல ஒரு பாலம் அத்தை. கட்டி முடிக்காம வுட்டுட்டாங்க. அதுக்குத்தான்."

"அப்போ நீ இல்லியா?"

"நா இல்ல அத்தை."

அத்தை அங்கே சுருட்டி வைத்திருந்த பிளக்ஸ் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேனிலிருந்து இறங்கியவர்கள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணாடி போட்டுப் படித்தால் என்ன என்று அந்தப் பெரியம்மாவைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அவள் உள்ளே போனாள். வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கையில் அத்தைக்குத் தண்ணீர். வேன் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, வண்டி மல ஏறுமா?" என்றாள்.

"ஏறும்மா."

"அப்போ ஏத்திருங்க. இத்தினி சோத்த இன்னா பண்றது? வந்தது வந்துட்டீங்க அத்தை, பாலத்தப் பாத்துட்டுப் போவீங்க."

மலைப்பாதை வளைவுகளில் அத்தை புளிசாதத் தவலையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப்பொண்ணின் கதையைச் சொன்னேன். தூளி, ஓடை, இரண்டு கரை, எல்லாம்.

ஓடைக்கரையில் ஊரே கூடியிருந்தது. ஆளுக்கு ஒரு வளையல் அட்டையோடு நின்றார்கள், ஆனால் யாரும் முதலில் போகவில்லை. கம்பிக்கு வளையல் போடுவது விளையாட்டா நிஜமா என்று அவர்களுக்கே குழப்பம். சின்னப்பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளைப் பார்த்தார். பிறகு தவலையை இறக்கி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டோடு தூணுக்குப் போனார். துருப்பிடித்த கம்பி ஒன்றுக்கு மஞ்சளும் சந்தனமும் பூசினார், பொட்டு வைத்தார். சிவப்பு வளையல் ஒன்றை எடுத்துக் கம்பியில் மெல்ல இறக்கினார். நிஜக் கைக்குப் போடுகிறவர் மாதிரி, உடையாமல்.

"எத்தினி வருஷமா சுமந்துகினு நிக்கிற, தாயி. இந்தப் பொண்ணு இடுப்பு நோவு எடுக்கறதுக்குள்ள நீ நல்லபடியா பெத்துக் குடு" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. அந்த அழுகை பாலத்துக்கு மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் எல்லோரும் வரிசையில் வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தூண்கள் சிவப்பும் பச்சையுமாக மின்னின. காற்றடித்தால் கலகலவென்று சத்தம் வேறு. அத்தை சின்னப்பொண்ணுக்கும் கை நிறையப் போட்டுவிட்டு, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த தன் மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனுக்கு எதுக்கு அத்தை?"

"இரும்புக்கே போட்டுட்டேன். உனுக்குப் போடறதுக்கு இன்னா?" என்று போட்டுவிட்டார். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். மீதிப் படத்தை நான்தான் எடுத்தேன்.

அந்த வீடியோவைக் கீழே போய் வெட்டி ஒட்டி, போடலாமா என்று அத்தையிடம் முதலில் காட்டினாள். "பொடவ சரியாத்தான் இருக்குது, போடு" என்றார் அத்தை. கம்பியிடம் ஒரு பெரியம்மா பேசுகிற அந்தக் கொஞ்ச நேரப் படம் எங்கெங்கோ போயிற்று. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள், 'எங்கள் சார்பில் ஒரு வளையல்' என்று படம் அனுப்பினார்கள். தான் வளையல் போட்டுக்கொண்ட இடத்தை மட்டும் அவள் வெட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நா பாலம் இல்லியேக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. அந்தப் பக்கத்து முக்கியஸ்தர் ஒருவரின் ஆள். நான் கடையில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாலத்துக்கு ஃபங்ஷன்னு போட்டுகிறீங்க. எங்க தலைவர் பேரு எங்கம்மா?"

பாலம் ஏன் முடியவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. பெயர் விட்டுப்போனதில்தான் அத்தனை மனத்தாங்கல். நானாக இருந்தால் அன்றைக்கு அந்தப் போன் உடைந்திருக்கும். அவள் குரலில் தேன் ஒழுகியது.

"வளைகாப்புல ஆம்பளைங்க பேரு போடற பழக்கம் இல்லீங்க. பாலம் முடியட்டும், தொறப்பு விழாவுக்கு மொதப் பேரா போட்டுர்றேன். எந்த போட்டோ போடறதுன்னு இப்பவே அனுப்பி வெச்சிருங்க, டிசைன் பண்ணி ரெடியா வெக்கிறேன்."

சாயங்காலமே போட்டோ வந்தது. சொன்ன மாதிரியே டிசைன் செய்து அனுப்பினாள், தேதி போடுகிற இடத்தைக் காலியாக விட்டு. வாரத்துக்கு ஒரு முறை, "தேதி இன்னா போடட்டுங்க?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய வாழ்த்து எப்படி ஆளைத் துரத்தும் என்று அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன்.

மழைக்கு முன்னால் பாலம் முடியவில்லை. ஆனால் ஓடையில் பெரிய சிமெண்டுக் குழாய்கள் போட்டு, மேலே மண்ணும் ஜல்லியும் கொட்டி, தற்காலிகமாக ஒரு வழி வந்தது. சின்னப்பொண்ணுக்கு வலி கண்ட அன்று நல்ல மழை. குழாய் வழியே தண்ணீர் சீறிக்கொண்டு போக, அதன் மேல் ஆம்புலன்ஸ் குலுங்கிக் குலுங்கி வந்து இந்தக் கரையில் ஏறியது. நான் கதவைத் திறந்தபோது அவள் வலியிலும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெண் குழந்தை. என் இத்தனை வருஷ சர்வீஸில் பிரசவ அறையில் நின்று நான் வாய்விட்டு அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த கோடையில் பாலமும் முடிந்தது. காலியாக இருந்த தேதியைப் போட்டு, முக்கியஸ்தரின் படத்தை அவள் ஆளுயரத்தில் அடித்துக் கொடுத்தாள், முகத்தில் ஒரு குறும்பும் காட்டாமல். தளம் போட வந்த மேஸ்திரியிடம் அந்த வளையல்களைப் பற்றிக் கேட்டேன். "ஒடஞ்சதெல்லாம் கொட்டிப் போச்சுங்க. அடியில மாட்டிக்கினு இருந்தத கழட்டறதுக்கு மனசு வரல. அப்படியே உள்ள வெச்சி கட்டிட்டேன்" என்றார்.

அவள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள். புருஷனுக்கு அங்கே வேலை, அவளுக்கும் ஒரு பிரிண்டிங் கம்பெனியில். பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவளைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது.

பாலத்துக்கு ஒரு வருஷம் ஆனபோது, சின்னப்பொண்ணின் மகள் அதன் மேல் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்தேன். முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகப் படம் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினேன். அந்த அளவுக்கு நானும் கற்றுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. கிரீடம், சிங்கம், பலூன். 'முதலாம் ஆண்டு பிறந்தநாள் காணும் எங்கள் செல்லப் பாலம்.' வளைகாப்பில் தாயாக இருந்த பாலம் அவள் கணக்கில் இப்போது குழந்தையாகிவிட்டது. குழந்தைகளின் பிறந்தநாள் பேனரில் போடுகிற மாதிரியே கீழே சொந்தக்காரர்களின் வரிசை, பொடி எழுத்தில். பாட்டி என்ற இடத்தில் திருநாவலூர் அத்தை. பெரியம்மா என்ற இடத்தில் நான். அக்கா என்ற இடத்தில் சின்னப்பொண்ணின் மகள். அம்மா என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தாள். அவள் செய்த வாழ்த்துகளில் அவள் பெயரை நான் பார்த்தது அது ஒன்றில்தான். அவள் போட்டுக்கொண்ட இடத்திலேயே அது இருக்கட்டும் என்று இங்கே நான் எழுதவில்லை.

மறுநாள் காலையில் திருநாவலூரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நர்சம்மா, அந்தப் படம் எனுக்கும் வந்துது" என்றார் அத்தை. "இந்த தபா கண்ணாடி போட்டுகினு முழுசா படிச்சிட்டேன்."